மொசாம்பிக்காரன் அண்டிக்கு (முந்திரிக்கொட்டைக்கு) வரி போட்டதுனாலதான் நம்ம ஆபீஸ் பூட்டுச்சா?

ஜூன் 2, மாலை 6.10 (களியக்காவிளை வாசகர் கேட்டது)

ஆப்பிரிக்காக்காரன் தோட்டண்டிய, அதாவது தோடு உடைக்காத முந்திரிய, வெளிய விடாம வரி போட்டதுனாலதான் மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் முந்திரி உடைக்கிற அண்டி ஆபீஸ் எல்லாம் பூட்டிக் கிடக்கு. சண்டையில அழிஞ்ச நாடு, நாலு காசு வருதேன்னு தெறந்து விட வேண்டியதுதானே? மொசாம்பிக்காரனுக்கு எதுக்கு இந்த வீம்பு? வெவரம் தெரிஞ்சவிய சொல்லுங்க.

ஜூன் 2, இரவு 9.35

அண்ணே, நீங்க சொல்ற மாதிரி அவிய ஒரு தடவை தெறந்து விட்டாவ. அதுல என்ன ஆச்சுன்னு தெரிஞ்சா இந்தக் கேள்வியவே நீங்க வேற மாதிரி கேப்பிய.

மொசாம்பிக் 1975 ஜூன் 25ல போர்ச்சுகல்ட்ட இருந்து விடுதலை ஆச்சு. அதுக்கு ரெண்டு வருசம் முந்தி அங்க வெளஞ்ச தோட்டண்டி ரெண்டு லட்சம் டன்னுக்கு மேல, அப்பம் உலகத்துலயே அவியதான் மொத இடம். பொறவு 1977லேர்ந்து 1992 வரைக்கும் உள்நாட்டுப் போர், பிரெலிமோ அரசாங்கம் ஒரு பக்கம், ரெனாமோ கலகக்காரங்க ஒரு பக்கம், செத்தது கிட்டத்தட்ட பத்து லட்சம் பேர். ரோட்டுல லாரி ஓடல, ரயில் பாதையில குண்டு, மரத்தடிக்குப் போய் பொறுக்க ஆள் இல்ல. வெளச்சல் பத்துல ஒரு பங்கா விழுந்த வருசமும் உண்டு. 1992 அக்டோபர் 4ல ரோம்ல சமாதான ஒப்பந்தம். கஜானால காசு கிடையாது, கடன் குடுக்கது உலக வங்கி, அந்த உலக வங்கி சொல்லுது, தோட்டண்டிய அப்படியே ஏத்துமதி பண்றதுக்குப் போட்டிருக்க வரியக் கொறச்சாத்தான் காசுன்னு. 1995லேர்ந்து படிப்படியா கொறச்சு 14 சதவீதத்துக்கு கொண்டு வந்தாவ. அரசாங்கத்து தொழிற்சாலைகள தனியாருக்கு வித்ததும் அதே சமயந்தான். வாங்கினவன் மெஷினுக்கு எண்ணெய் விடதுக்குள்ள அண்டி எல்லாம் கப்பல் ஏறிப் போச்சு. அந்தத் தொழில்ல சுமார் பத்தாயிரம் பேர் இருந்தாவ, அதுல பெரும்பாலானவியளுக்கு வேலை போச்சு.

அந்தக் கப்பல் எங்க வந்துது? கொச்சிக்கும் தூத்துக்குடிக்கும். அங்கேர்ந்து கொல்லத்துக்கும் நம்ம விளவங்கோடு, கல்குளம் பக்கத்துக்கும். அவிய தெறந்து விட்டதுல நம்ம ஊர் அடுப்பெரிஞ்சுது அண்ணே. அதச் சொல்லாம வீம்புன்னு மட்டும் சொல்றது நியாயமில்ல.

ஜூன் 2, இரவு 10.20

ஒண்ணு விட்டுப்போச்சு. அவிய சரக்கு நமக்கு ஏன் அவ்வளவு தேவைன்னா சீசன். நம்ம நாட்டு அண்டி மாசிலேர்ந்து வைகாசி வரைக்கும்தான் விழும். அது தீந்தா ஆபீஸ் பூட்டணும், பெண்ணுவ வீட்டுல இருக்கணும். மொசாம்பிக்கும் தான்சானியாவும் பூமத்திய ரேகைக்கு தெக்க இருக்கதுனால அங்க ஐப்பசிலேர்ந்து தை வரை சீசன். நம்ம கோடவுன் காலியாவ நேரத்துல அங்க மூட்டை கட்டுவான். பொறவு மேற்கு ஆப்பிரிக்கா, ஐவரி கோஸ்ட், பெனின், கினி பிசாவ். இத மூணையும் சேத்து வச்சுத்தான் கொல்லத்து மொதலாளிமார் வருசம் முழுக்க ஆபீஸ் ஓட்டினாவ.

ஜூன் 3, காலை 7.05

ராத்திரி எழுதுனத அம்மாட்ட படிச்சுக் காட்டுனேன். அம்மா கல்யாணத்துக்கு முந்தியே அண்டி தல்லப் போனவ. வறுத்த அண்டிய தரையில குந்தி இருந்து ஒரு கையில பிடிச்சு, மரக்கட்டையால ஓரத்துல ஒரே தட்டு, தோடு ரெண்டா பிளக்கணும், பருப்பு உடையப்பிடாது. உடஞ்சா கூலி கொறயும், கூலி பருப்பு எடைக்குத்தான். தோட்டுக்குள்ள உள்ள எண்ணெய் பட்டா தோல் வெந்து உரியும், அதுக்குத்தான் கையில சாம்பல பூசிட்டு இருப்பாவ. அம்மா பெருவிரல்லயும் ஆள்காட்டி விரல்லயும் உள்ள கறுப்பு, வேலைய விட்டு இத்தன வருசம் ஆச்சு, நகக்கண்ணுல இன்னும் இருக்கு. பள்ளிக்கூடத்துல கூட்டம் போட்டா கைய முந்தானைக்குள்ள வச்சிட்டுதான் இருப்பா.

நான் சொல்ல வாறது இதுதான். தலைநகர் மப்புட்டோவுலயும் வடக்க நம்புலாவுலயும் வேலை போனவியள்ல இதே மாதிரி பெண்ணுவ நெறய உண்டு, புருசன் சண்டையில செத்தவளும் அதுல உண்டு. தோட்டுக்குள்ள இருந்து பருப்ப எடுக்கது அந்த நாட்டுல படிக்காத பெண்ணுக்கும் மாசம் கூலி குடுத்த தொழில். போர் முடிஞ்ச நாட்டுல இந்த மாதிரி வேலைய எடுத்த எடுப்புலயே கப்பல்ல ஏத்தி அனுப்பினா, அங்க வேற என்ன மிஞ்சும்? நம்ம ஊருக்கு லாபம் வந்துதுன்னு அத சரின்னு சொல்ல எனக்கு மனசு வரல.

ஜூன் 3, மதியம் 1.40

குழித்துறை நண்பர் சூடா கேட்டிருக்காரு, "அப்பம் வெவசாயி? அவன் நல்ல வெலைக்கு விக்கப்பிடாதா, அவன் வயித்துல அடிச்சுத்தான் ஃபேக்டரி ஓட்டணுமா?"ன்னு. நல்ல கேள்வி. ராத்திரி இதத்தான் நானும் யோசிச்சுட்டு இருந்தேன். ஏத்துமதி வரி போட்டா உள்ளூர்ல வெல அமுங்கும், அது உண்மை, அத மறைக்க முடியாது. உலக வங்கி வாதமும் அதுதான், பத்து லட்சம் குடும்பம் மரம் வச்சிருக்கு, பத்தாயிரம் பேருக்காக அவிய ஏன் நஷ்டப்படணும்னு.

ஆனா நடந்தத பாருங்க. டானி ரோட்ரிக்கும் இன்னும் ரெண்டு பொருளாதாரக்காரங்களும் 2002ல இதக் கணக்குப் போட்டு எழுதியிருக்காவ. வரியக் கொறச்சதுல அண்டி வெவசாயி குடும்பத்துக்கு சராசரியா வருசத்துக்கு கிடச்சது 5.30 டாலர். அன்னைய ரேட்டுக்கு 260 ரூவா கூட இல்ல. மிச்சம் எங்க போச்சு? நடுவுல. காட்டுக்குள்ள ஒரே ஒரு கடைக்காரன், சோப்பும் துணியும் விப்பான், அவனே அண்டியும் எடுப்பான். சண்டைக்கு முந்தி அப்படி கடை நெறய இருந்துது, சண்டையில நெறய அழிஞ்சு போச்சு. ரோடு கிடையாது, லாரி வச்சிருக்கவன் சொன்னதுதான் வெல. துறைமுகத்துல வெல ஏறினது மரத்தடியில உள்ளவனுக்கு எப்பிடித் தெரியும்?

அதனால என் எண்ணம் இப்பம் கொஞ்சம் மாறியிருக்கு. வரி மட்டுந்தான் விசயம்னு நேத்து எழுதுன மாதிரி இருக்கும். ரோடும், எடைக்கல்லும், வெல கேக்க ரெண்டாவது ஒரு ஆளும் இல்லாத எடத்துல வரிய ஏத்தினாலும் கொறச்சாலும் வெவசாயிக்கு பெருசா ஒண்ணும் வராது, ஆனா கொறச்சா வேலை போறது மட்டும் நிச்சயம்.

ஜூன் 3, இரவு 8.15

"அவன் ஃபேக்டரியே உருப்படாதது, பருப்ப எல்லாம் உடச்சுப் போட்டான்"னு ஒருத்தர். இதுல பாதி சரி. போர்ச்சுகல்காரன் காலத்துல போட்ட பெரிய மெஷின்கள் அது, அண்டிய சுழட்டி அடிச்சு உடைக்கிற வகை, முழுப்பருப்பு கம்மியாத்தான் வரும். கொல்லத்துப் பெண்ணு கையால தல்லுறதுல முழுசா வாறது மெஷின்ல வராது. உலக வங்கி இதத்தான் பிடிச்சுகிட்டுது. 1997ல உலக வங்கித் தலைவர் உல்ஃபென்சன் மப்புட்டோ போனப்போ தொழிற்சாலைக்காரங்க முறையிட்டாவ, அதுக்குப் பொறவு தனியா ஒரு ஆய்வு போட்டு, அந்த ஆய்வே வரிய இன்னும் கொறைக்காதீங்கன்னு சொல்லிச்சு. 1999ல அவிய நாடாளுமன்றம் சட்டம் போட்டு வரிய 18க்கும் 22க்கும் இடைப்பட்ட சதவீதமா ஏத்துச்சு. நீங்க வீம்புன்னு சொன்னது இதத்தான் அண்ணே.

அந்த சட்டத்துக்குப் பொறவு நம்புலா மாகாணத்துல புதுசா சின்னச் சின்ன ஆபீஸ் வந்துது, பழைய பெரிய மெஷின் இல்ல, நம்ம ஊர் மாதிரி கையால இயக்குற கட்டர் வச்சு. ஆயிரக்கணக்குல ஆளு திரும்ப வேலைக்கு வந்தாவ. அப்படின்னா மெஷின மாத்துனா சரியாயிருக்கும், தொழிலையே கொல்லத் தேவையில்லன்னுதானே அர்த்தம்?

ஜூன் 4, காலை 6.50

நான் தூத்துக்குடியில ஒரு கோடவுன்ல குவாலிட்டி பாத்தவன், அதுனால கட்டிங் டெஸ்ட், அதாவது சரக்குல எவ்வளவு பருப்பு தேறும்னு வெட்டிப் பாக்குறது பத்தி கேட்ட தம்பிக்கு சொல்றேன். கண்டெய்னர் தெறந்ததும் அங்கங்க மூட்டையில குத்தி சாம்பிள் எடுத்து ஒண்ணா கலக்கணும். ஒரு கிலோ எடுத்து எண்ணணும், 180 வந்தா நல்ல பருமன், 220 வந்தா பொடி. பொறவு ஒவ்வொண்ணா கட்டர்ல வெட்டி, நல்ல பருப்பு, புள்ளி விழுந்தது, முத்தாதது, பொக்கு, பூச்சி அரிச்சதுன்னு தட்டுல பிரிச்சு எடை போட்டு, 80 கிலோ மூட்டைக்கு எத்தன பவுண்டு பருப்புன்னு கணக்கு, இதத்தான் அவுட்டேர்ன்னு சொல்லுவாவ. 48 பவுண்டுன்னா ஒரு நல்ல சரக்கு, அதாவது 80 கிலோவுல 22 கிலோ கூட பருப்பு இல்ல. கினி பிசாவ் சரக்கு 50க்கு மேல போவும். ஈரம் பத்து சதவீதத்துக்கு மேல இருந்தா கப்பல்லயே வேர்த்து பூசணம் பிடிச்சிரும், மூட்டைய அவுத்தா ஒரு புளிச்ச வாடை வரும், தட்டுல வெட்டுறதுக்கு முந்தியே தெரிஞ்சிரும் அவுட்டேர்ன் போச்சுன்னு.

சண்டை நடந்த நாட்டுச் சரக்குல இந்த ஈரம்தான் பெரிய தொல்லை. காயவைக்க களம் இல்ல, சாக்கு இல்ல, கோடவுன் இல்ல, பொறுக்குனவனுக்கு அன்னைக்கே காசு வேணும், அதனால பச்சையா கட்டிருவான். வாங்குறவன் அதக் காட்டியே வெலய அடிப்பான். நான் போட்ட ரிப்போர்ட்ட வச்சு வெல கொறச்சத கண்ணால பாத்திருக்கேன். ரிப்போர்ட் சரியானதுதான், இருந்தாலும் அந்தக் கொறஞ்ச காசு கடைசியில யார் கணக்குல போய் விழும்னு தெரிஞ்சுட்டே கையெழுத்துப் போடுறது லேசான காரியமில்ல.

இன்னொண்ணு. 80 கிலோவுல 22 கிலோ பருப்புன்னா மிச்சம் எல்லாம் தோடு. தேங்காய மட்டையோட கப்பல்ல ஏத்தி அனுப்புற மாதிரிதான் இது. அந்தத் தோட்டுல எடுக்க எண்ணெய்க்கு தனியா வெல உண்டு, பெயிண்டுக்கும் பிரேக் லைனிங்குக்கும் போவுது, அந்தக் காசும் அவியளுக்குக் கிடையாது.

ஜூன் 4, இரவு 9.10

சரி, நம்ம ஆபீஸ் ஏன் பூட்டுச்சு? மொசாம்பிக் வரி 1999லயே ஏறியாச்சு. நம்ம பக்கம் பெருசா அடி விழுந்தது 2015, 16க்குப் பொறவு. ரெண்டுக்கும் நடுவுல பதினஞ்சு வருசத்துக்கு மேல ஆபீஸ் ஓடிச்சே, அது எப்படி?

காரணம் வேற. 2006ல வியட்நாம் நம்மள தாண்டி பருப்பு ஏத்துமதியில மொத எடத்துக்குப் போயிட்டான். அவனும் சண்டையில கரிஞ்ச நாடுதான் அண்ணே, 1975ல போர் முடிஞ்சுது, 1986ல கொள்கைய மாத்துனான், 1994 வரைக்கும் அமெரிக்கா வியாபாரத் தடை. அப்பிடி இருந்தவன் தோடு உடைக்கிற மெஷின சொந்தமா செஞ்சு, ஆப்பிரிக்கா அண்டிய நம்ம கண்ணு முன்னாடியே வாங்கிட்டுப் போறான். இங்க 2015ல கேரளாவுல கூலி ஏறுச்சு, அது நியாயமான கூலிதான், ஆனா மெஷின் போடாதவனுக்கு தாங்கல. 2016 பட்ஜெட்ல நம்ம மத்திய அரசே தோட்டண்டிக்கு இறக்குமதி வரி போட்டுது, எல்லாம் சேத்து 9.36 சதவீதம். பொறவு 5, 2018ல 2.5ன்னு எறங்குச்சு, அதுக்குள்ள கொல்லத்துல நூத்துக்கணக்குல ஆபீஸ் பூட்டியாச்சு, பேங்க்காரன் ஜப்தி நோட்டீஸ் ஒட்டியாச்சு. நம்ம வரி நம்ம ஆளயே அடிச்சுது, அத விட்டுட்டு கடலுக்கு அந்தப்பக்கம் உள்ளவன திட்டுறது எனக்கு ஒப்பல.

ஜூன் 5, காலை 11.30

போடிநாயக்கனூர் தம்பி ஏலக்கா கதைய எழுதியிருக்கான், சேத்து வச்சுப் பாக்க வேண்டியது. குவாத்தமாலாவுல 1960லேர்ந்து 1996 வரை உள்நாட்டுப் போர், அந்தப் போருக்கு நடுவுலயே ஏலக்கா வச்சு உலகத்துல பெரிய ஏத்துமதிக்காரனா ஆயிட்டான், சவுதி மார்க்கெட்ட நம்மகிட்ட இருந்து பிடிச்சான். ஆனா ஆல்டா வெராபாஸ் மலையில வெளய வைக்கிற மாயா சனங்க இன்னிக்கும் பச்சைக் காயா இடைத்தரகன்ட்டதான் குடுக்காவ, உலர்த்துற ஸ்டோர் வேற ஆளு கையில. நம்ம பக்கம் வண்டன்மேட்டுலயும் போடியிலயும் ஏலம் இருக்கு, நூறு கொற சொல்லலாம், ஆனா அன்னைய வெல என்னன்னு சாயங்காலம் சின்ன வெவசாயிக்கும் போன்ல தெரியும். முந்தாநாள் நான் சொன்ன, வெல கேக்க ரெண்டாவது ஆளு இதுதான்.

ஜூன் 5, மாலை 5.25

"வரி போடாத, நிச்சய வெல குடு, அது போதும்"னு நாகர்கோவில் அக்கா. அக்கா, அப்பிடி ஒண்ணும் நடந்துது, நம்ம சாம்பார்ல. 2015 கடைசியில துவரம்பருப்பு இங்க கிலோ 200 ரூவா தொட்டது ஞாபகம் இருக்கா? 2016 ஜூலையில பிரதமர் மப்புட்டோ போய் ஒப்பந்தம் போட்டாரு, மொசாம்பிக்லேர்ந்து வருசம் ஒரு லட்சம் டன்ல தொடங்கி ரெண்டு லட்சம் டன் வரை வாங்குவோம்னு. அங்க உள்ள வெவசாயி நம்பி வெதச்சான். 2017ல இங்கயே அமோக வெளச்சல், வெல விழுந்துது, ஆகஸ்ட்ல இறக்குமதிக்கு இந்தியா அளவு போட்டுது. ஒப்பந்தச் சரக்குக்கு விலக்கு உண்டு, ஆனா வெலைக்கு யாரும் பொறுப்பில்ல, அங்க பருப்பு அடிமட்டத்துக்குப் போச்சு. அவிய வெளய வைக்கதுல பெரும்பகுதி நமக்காகத்தான், வேற விக்க எடம் கிடையாது. ஒரே வாங்குற ஆள நம்பி வெதைக்கிறவன் கதி அதுதான். அளவு மட்டும் பேசி வெலய பேசாத ஒப்பந்தம் வெவசாயிக்கு ஒப்பந்தமே இல்ல.

இதவிட மோசம் கினி பிசாவ். ஏத்துமதியில பத்துல ஒம்பது பங்கு அண்டிதான். 1998, 99ல உள்நாட்டுச் சண்டை, அதுக்குப் பொறவும் ஆட்சிக் கவிழ்ப்பு. அண்டி குடுத்து அரிசி வாங்குறதுதான் அங்க கிராமத்து வழக்கம், இறக்குமதி அரிசி. அண்டி வெல எறங்குன வருசம் வீட்டுல சோறு கொறயும். அந்த அண்டிதான் நம்ம கட்டிங் டெஸ்ட்ல 50 பவுண்டுக்கு மேல வாறது, இந்தியாவுல அதுக்குத்தான் நல்ல வெல.

ஜூன் 6, இரவு 10.00

ஐவரி கோஸ்ட் பத்தி நாலு பேரு கேட்டாச்சு. 2002லேர்ந்து நாடு ரெண்டாப் பிரிஞ்சு கிடந்துது, அண்டி வெளயுற வடக்கு, கோரோகோ, புவாக்கே எல்லாம் கலகக்காரங்க கையில. சரக்கு கானாவுக்கும் புர்கினாவுக்கும் கடத்திப் போச்சு, வழியெல்லாம் சோதனைச்சாவடி, ஒவ்வொருத்தனுக்கும் படி. 2011ல சண்டை ஓஞ்சுது. பொறவு அவிய பண்ணினத பாருங்க, 2013ல பருத்திக்கும் அண்டிக்கும் சேத்து ஒரு வாரியம், சீசன் தொடக்கத்துலயே கொறஞ்சபட்ச வெல அறிவிப்பு, உள்ளூர்ல உடைக்கிறவனுக்கு சலுகை. இப்பம் வருசம் பத்து லட்சம் டன் தாண்டி உலகத்துலயே மொத எடம். குத்தம் கொற உண்டு, அறிவிச்ச வெல கிடைக்காத கிராமமும் உண்டு, எல்லைய தாண்டி கடத்தலும் நிக்கல. இருந்தாலும் மொசாம்பிக்க விட பாடம் படிச்சுத்தான் ஆரம்பிச்சாவ.

மொசாம்பிக்குல இன்னும் ஒரு விசயம், மரம். சண்டைக் காலத்துல பதினஞ்சு வருசம் யாரும் புதுக் கன்னு வைக்கல, மரமெல்லாம் கெழடு, சாம்பல் நோய் வேற, கந்தகம் அடிச்சாத்தான் பூ நிக்கும். கண்ணிவெடி எடுத்து முடிச்சது 2015லதான், சமாதானம் ஆகி 23 வருசம் கழிச்சு. அதுக்கு ரெண்டு வருசத்துல, 2017 அக்டோபர்ல, வடக்க காபோ டெல்காடோவுல புதுசா ஆயுதக் கும்பல். அதுவும் அண்டி வெளயுற மாகாணம். இந்த நெலமையில உள்ள நாட்ட பாத்து வரிய எடுன்னு நாம சொல்றது எந்த ஊர் நியாயம்?

ஜூன் 7, காலை 8.20

களியக்காவிளை அண்ணன் திரும்ப வந்து, "அப்பம் யார் மேலதான் கோவப்படணும்"னு கேட்டிருக்காரு. எனக்கு கோவம் உண்டு, சொல்றேன். கேரளாவுல கூலி கூடுதல்னு சோதனைச்சாவடி தாண்டி நம்ம ஊருக்கு வந்த மொதலாளிமார் எத்தன வருசம் நம்ம பெண்ணுவள கொறஞ்ச கூலிக்கு வச்சு ஓட்டுனாவ. அந்த லாபத்துல ஒரு மெஷின் வந்துதா, எண்ணெய் படாம இருக்க கையுறை வந்துதா, உக்கார ஒரு பெஞ்சு வந்துதா? வியட்நாம்காரன் போட்டி வருதுன்னு தெரிஞ்சும் ஒண்ணும் பண்ணல, பூட்டிட்டுப் போயிட்டாவ. எங்க அம்மா வேலை பாத்த ஆபீஸ்ல கிராஜுவிட்டிய கணக்குப் பண்ணாமலே கேட்ட பூட்டுனாவ.

நேத்து சாயங்காலம் அம்மா கேட்டா, "அங்க உள்ளவளுவ சும்மாவா விட்டாளுவ?"ன்னு. விடல. அண்டித் தொழிலாளர் சங்கம் வருசக்கணக்குல போராடித்தான் அந்த 18 சதவீதச் சட்டமே வந்துது. நம்ம பக்கம் கேக்க வேண்டியது ரெண்டுதான், தோட்டண்டி மேல மிச்சமிருக்க நம்ம இறக்குமதி வரிய டெல்லி எடுக்கணும், பூட்டுன ஆபீஸ்ல பாக்கி வர வேண்டிய பெண்ணுவளுக்கு கிராஜுவிட்டிய வாங்கிக் குடுக்கணும். அஞ்சு வருசம் வேலை பாத்ததுக்கு அத்தாட்சியா பி.எஃப். சீட்டோ, சம்பளக் கவரோ வச்சிருக்கவிய அத எடுத்துட்டு தொழிலாளர் துறை ஆபீஸ்ல மனு குடுக்கலாம், நாள் ஆயிட்டேன்னு விடாதீங்க, தாமதத்துக்கு சரியான காரணம் எழுதிக் குடுத்தா எடுக்க வழி உண்டு. மனு எழுதத் தெரியாதவிய இங்க சொல்லுங்க, நான் எழுதித் தாறேன்.